குடி ஆசையைக் குறைக்கச் சத்துக் குளிசையா? பார்மசி கவுண்டருக்கு அடிக்கடி வரும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒரு பார்மசியில் மருந்தாளராக வேலை செய்கிறேன். பின்னேரங்களில் யாராவது போனை நீட்டி, "இந்தக் குளிசை இருக்கா தம்பி? இதைப் போட்டால் குடிக்கிற எண்ணமே வராதாம்" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்பவர் பெரும்பாலும் குடிப்பவர் அல்ல. அவருடைய அம்மா, மனைவி, அக்கா. பின்னால் வரிசை நிற்கும்போது அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிகிறது. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்து இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

ஒரே சொல்லில் சொல்லுங்கள். அப்படி ஒரு குளிசை இருக்கா?

சத்துக் குளிசைத் தட்டில் இல்லை. குடி ஆசையைக் குறைக்கும் என்று பெரிய, ஒழுங்கான சோதனைகளில் உறுதியான விற்றமினோ தாதுப்பொருளோ அமினோ அமிலமோ இன்றுவரை கிடையாது. சிறிய சோதனைகளில் நம்பிக்கை காட்டியவை ஒன்றிரண்டு உண்டு, அவற்றைப் பற்றிக் கீழே சொல்கிறேன். டொக்டர் சீட்டில் எழுதித் தரும் மருந்துகளில் ஆசையைக் குறைப்பவை உண்டு. அது வேறு கதை, அதையும் சொல்கிறேன்.

அப்படியென்றால் குடிக்கிற என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் விற்றமின் பி1 ஏன் கொடுத்தார்கள்?

ஆசையைக் குறைக்க அல்ல, மூளையைக் காப்பாற்ற. தயமின் என்கிற பி1, நாம் சாப்பிடும் மாச்சத்தை உடம்பு சக்தியாக மாற்றத் தேவையானது. நீண்ட காலம் அதிகமாகக் குடிப்பவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் குடல் இந்த விற்றமினைச் சரியாக உறிஞ்சாது. ஈரலிலும் சேமிப்புக் குறைந்துவிடும். குறை முற்றினால் வெர்னிக்கே என்ற மூளைப் பாதிப்பு வரலாம். தடுமாறி நடப்பது, கண் அசைவு கோணலாவது, குழப்பமாகப் பேசுவது ஆகியவை அதன் அடையாளங்கள். பார்ப்பவர்கள் "வெறி இன்னும் இறங்கவில்லை" என்று படுக்க வைத்துவிடுவார்கள். இதுதான் எனக்குப் பயமாக இருக்கும் விஷயம். சிகிச்சை தாமதமானால் ஞாபகசக்தி நிரந்தரமாகவே போகலாம். குடல் உறிஞ்சாது என்பதால்தான் ஆஸ்பத்திரியில் ஊசியாக ஏற்றுகிறார்கள்.

ஆகவே பி1 உண்மையான மருந்து, மலிவான மருந்து, அவசியமான மருந்து. ஆனால் அதைப் போட்ட யாருக்கும் "ஒரு கால் போத்தல் எடுப்போம்" என்ற எண்ணம் அதனால் குறைந்ததாக நிரூபணம் இல்லை. குடியால் குறைந்த சத்தை நிரப்புவது ஒரு வேலை, குடி ஆசையை அடக்குவது இன்னொரு வேலை. விளம்பரக்காரர் முதலாவதற்கு இருக்கும் ஆதாரத்தைக் காட்டி இரண்டாவதை விற்கிறார்.

சத்துக் குறைவால்தான் குடிக்கிறார்கள் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

இது புதுச்சரக்கு அல்ல. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ரொஜர் வில்லியம்ஸ் என்ற உயிர்வேதியியலாளர் 1950களிலேயே இதைத் தொடங்கிவிட்டார். ஒவ்வொருவருக்கும் பிறவியிலேயே சத்துத் தேவை வேறுபடும், தேவை நிறைவேறாத உடம்பு மதுவைத் தேடும் என்பது அவர் வாதம். அவருடைய குழு எலிகளுக்கு குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தைக் கொடுத்தபோது அவை தாமாகக் குடிக்கும் மதுவின் அளவு குறைந்தது. பிறகு 1957இல் மிகச் சில மனிதர்களிடம் செய்த சோதனையும் வெளிவந்தது. இன்றைக்கும் குளுட்டமின் டப்பாக்களின் விளம்பரம் சாய்ந்து நிற்பது இந்த ஐம்பதுகளின் எலிகளிலும் அந்தச் சில மனிதர்களிலும்தான். அவ்வளவு நல்ல மருந்தாக இருந்தால் இத்தனை வருடங்களில் பெரிய சோதனை ஒன்றாவது அதை நிலைநாட்டியிருக்க வேண்டாமா?

அடுத்தது நயசின், அதாவது பி3. கனடாவின் ஏப்ரகாம் ஹொஃபர் என்ற மனநல மருத்துவர் அதைப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தார். 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்' இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சனே அதன் ஆதரவாளராகிவிட்டார். பெரிய பெயர் சேர்ந்ததே தவிர, பெரிய ஆதாரம் சேரவில்லை. அதிக அளவு நயசின் ஈரலைக் கெடுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஏற்கெனவே அடிபட்ட ஈரல் உள்ளவருக்குத்தான் இதைக் கொடுக்கப் பார்க்கிறார்கள்.

குட்சு என்று ஒரு சீன மூலிகை பற்றி வாசித்தேன். அதுவும் இப்படித்தானா?

இருப்பவற்றில் சுவாரசியமானது இதுதான். சீன மருத்துவத்தில் பழைய காலத்திலிருந்தே மதுவோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ஒரு கொடியின் கிழங்கு. 1993இல் கீயுங், வாலி என்ற இரு ஆய்வாளர்கள், மதுவை விரும்பிக் குடிக்கும் ஒருவகை வெள்ளெலிகளுக்கு இந்தக் கிழங்கிலுள்ள டெய்ட்சின் என்ற பொருளைக் கொடுத்து, அவை குடிப்பது குறைவதைக் காட்டினார்கள்.

மனிதர்களிடம் வந்தபோது கதை இரண்டாகப் பிரிந்தது. 2000இல் வெளிவந்த சோதனையில், குடியை விடச் சிகிச்சை பெற்றுவந்த 38 முன்னாள் படைவீரர்கள் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு குட்சு, நாளுக்கு இருமுறை 1.2 கிராம். மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்றுக் குளிசை. ஒரு மாதம் கழித்து ஆசையிலும் வித்தியாசம் இல்லை, குடிக்காமல் இருப்பதிலும் வித்தியாசம் இல்லை.

2005இல் ஹார்வர்டைச் சேர்ந்த மக்லீன் மருத்துவமனையில் ஸ்கொட் லூகாஸ் குழு வேறு மாதிரிச் செய்தது. ஆய்வுகூடத்தை ஒரு சின்ன வீடு போல அமைத்து, டிவி வைத்து, குளிர்சாதனப் பெட்டியில் அவரவருக்குப் பிடித்த பியரை அடுக்கிவிட்டார்கள். 14 பேர், ஒரு கிழமை குளிசை, பிறகு ஒன்றரை மணித்தியாலம் அங்கே இருக்கவேண்டும். குட்சு எடுத்தபோது அவர்கள் குடித்த பியர் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மிடறும் சின்னதானது. ஆனால் கவனியுங்கள், "குடிக்கவேண்டும் போல இருக்கிறதா?" என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதில் மாறவில்லை. ஆசை அப்படியே இருந்தது, வேகம் குறைந்தது. 2013இல் அதே குழு 17 ஆண்களிடம் நான்கு கிழமை செய்த சோதனையிலும் இதே போக்குத்தான்.

ஆகவே "ஆசையைக் குறைக்கும்" என்று குட்சுப் போத்தலில் எழுதியிருந்தால், அந்த ஆய்வுகளே அதை ஒத்துக்கொள்ளாது. அவர்கள் பயன்படுத்தியது அளவிட்டுத் தரப்படுத்திய சாறு. இணையத்தில் வாங்கும் பொடியில் என்ன எவ்வளவு இருக்கிறது என்பது யாருக்கு வெளிச்சம்?

என்-அசிட்டைல் சிஸ்டைன், ஒமேகா 3, மக்னீசியம்?

முதலாவது ஒரு அமினோ அமிலத்தின் மாற்று வடிவம். விலங்குகளில் நன்றாகத் தெரிகிறது, மனிதர்களில் முடிவுகள் கலவையாக இருக்கின்றன. ஆய்வு இன்னும் முடியாத பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒமேகா 3க்கு ஆதாரம் போதாது. மக்னீசியம், துத்தநாகம், ஃபோலேற் ஆகியவை குடிப்பவர்களில் குறைவது உண்மை. இரத்தப் பரிசோதனையில் குறை தெரிந்தால் நிரப்பவேண்டும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

என் தம்பி ஒரு குளிசை போட்டான், இரண்டு கிழமையில் பாதியாகக் குறைத்துவிட்டான். இதைவிட என்ன நிரூபணம் வேணும்?

சந்தோஷமான விஷயம், அதில் கேள்வி இல்லை. ஆனால் குறைத்தது குளிசையா என்று எப்படிச் சொல்வீர்கள்?

அவர் எப்போது தொடங்கினார் என்று பாருங்கள். சித்திரை வருடப்பிறப்பு முடிந்து, வீட்டில் பெரிய சண்டை நடந்து, உடம்பும் விழுந்த பிறகா? மனிதர் மிக மோசமான கட்டத்தில்தான் தீர்வு தேடுவார். அங்கிருந்து ஒன்றுமே செய்யாவிட்டாலும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அல்லது கார்த்திகையில் தொடங்கினாரா? கொழும்பில் எத்தனை பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு ஒரு மண்டலம் முழுக்க வாயில் வைக்காமல் இருக்கிறார்கள்! அந்தச் சமயம் கூடவே ஒரு விற்றமினும் போட்டிருந்தால், புகழ் யாருக்குப் போகவேண்டும்? கிழமைக் கணக்குப் பார்க்கும்போது போயா (பௌர்ணமி) நாளும் நினைவிருக்கட்டும். அன்றைக்கு வைன் ஸ்டோர்ஸ் பூட்டு.

அப்புறம் நம்பிக்கையின் வேலை. இதை அளந்து காட்டிய ஒரு பெரிய ஆய்வு உண்டு. அமெரிக்காவில் 1383 பேரோடு நடத்தி 2006இல் வெளியான 'கொம்பைன்' என்ற சோதனை அது. அதில் ஒரு குழுவுக்கு உளவள ஆலோசனை மட்டும், குளிசை எதுவும் இல்லை. வேறு சில குழுக்களுக்கு மருந்தே இல்லாத வெற்றுக் குளிசையும், மருத்துவப் பணியாளரோடு ஒழுங்கான சந்திப்பும். பதினாறு கிழமைச் சிகிச்சைக் காலத்தில், வெற்றுக் குளிசை போட்டவர்கள் குளிசை இல்லாதவர்களை விட அதிக நாட்கள் குடிக்காமல் இருந்தார்கள். தினமும் ஒன்றை விழுங்குவதும், யாரோ ஒருவர் அக்கறையோடு "இந்தக் கிழமை எப்படி?" என்று கேட்பதும் அவ்வளவு வேலை செய்கிறது. உங்கள் தம்பியின் விஷயத்திலும் அந்த அக்கறை நீங்களாக இருக்கலாம்.

சரி, ஒழுங்கான சோதனை என்றால் என்ன செய்யவேண்டும்?

யாருக்கு உண்மைக் குளிசை, யாருக்கு வெற்றுக் குளிசை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கவேண்டும். கொடுப்பவருக்கும் தெரியக்கூடாது, எடுப்பவருக்கும் தெரியக்கூடாது. இரண்டும் நிறம், மணம், ருசியில் ஒன்றாக இருக்கவேண்டும். நயசினில் இதுவே பெரிய சிக்கல். போட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து சூடேறும், ஆள் கண்டுபிடித்துவிடுவார்.

எதை அளப்பது என்பதில்தான் நிறைய ஆய்வுகள் கோட்டை விடுகின்றன. ஆசையை அளக்கப் 'பென்' அளவுகோல் என்று ஐந்து கேள்விகள் கொண்ட படிவம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை புள்ளி. குடித்த அளவை அளக்க நாட்காட்டியை முன்னால் வைத்து நாள் நாளாகக் கேட்பார்கள். வாயால் சொல்வதோடு விடாமல் இரத்தமும் எடுக்கவேண்டும். ஜிஜிடி என்ற ஈரல் நொதி இங்கே சாதாரண ஆய்வுகூடங்களிலும் பார்க்கலாம், ஆனால் வேறு காரணங்களாலும் அது ஏறும். பெத் என்ற பரிசோதனை இன்னும் கூர்மையானது. உடம்பில் மது இருந்தால் மட்டுமே உருவாகும் பொருள் அது, இரண்டு மூன்று கிழமைக்கு முந்திய குடியையும் காட்டிக்கொடுக்கும்.

எதை வெற்றி என்று எண்ணப்போகிறோம் என்பதைத் தொடங்குமுன்பே பதிவு செய்துவிடவேண்டும். இல்லாவிட்டால் இருபது விஷயங்களை அளந்து, நன்றாக வந்த ஒன்றை மட்டும் தூக்கிக் காட்டலாம்.

வீட்டிலேயே எனக்கு நானே சோதித்துப் பார்க்கலாமா?

காலையில் கை நடுங்கிக் குடிப்பவர், குடிக்காவிட்டால் வியர்ப்பவர், முன்பு வலிப்பு வந்தவர், ஈரல் நோயாளி, கர்ப்பிணி ஆகியோர் இதைத் தொடவே கூடாது. மற்றவர்களும் எடுக்கப்போகும் பொருளை டொக்டரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரே ஆளை வைத்துச் செய்யும் சோதனை மருத்துவத்தில் உண்மையாகவே இருக்கிறது. அடிப்படை இதுதான்: வீட்டில் வேறொருவர் ஒரே மாதிரியான உறைகளில் உண்மைக் குளிசையையும் வெற்றுக் குளிசையையும் போட்டு, நாணயம் சுண்டி, எந்த இரண்டு கிழமைக்கு எது என்று எழுதி ஒளித்து வைக்கவேண்டும். நீங்கள் தினமும் ஒரே நேரத்தில், குடிக்கும் வேளைக்கு முன்பு, ஆசைக்கு 0 முதல் 10 வரை ஒரு புள்ளி எழுதுங்கள். அன்று குடித்ததை மில்லிலீற்றரில் எழுதுங்கள். ஒரு முறை மாற்றினால் போதாது, பல தடவை மாறி மாறி வரவேண்டும். முடிவில்தான் ஒளித்த தாளைப் பிரிக்கலாம். பெரும்பாலானவர்கள் இரண்டாவது கிழமையிலேயே குறிப்பு எழுதுவதை விட்டுவிடுவார்கள் என்பது என் ஊகம்.

"இரண்டு கிளாஸ்" என்று எழுதுவதில் பயன் இல்லை. கணக்கைப் பாருங்கள். 33.5 சதவீதச் சாராயம் 180 மில்லிலீற்றர், அதாவது ஒரு கால், ஏறத்தாழ 48 கிராம் தூய மது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரு நியம பானம் என்பது 10 கிராம். ஆக ஒரு கால் அடித்தவர் கிட்டத்தட்ட ஐந்து பானம் எடுத்திருக்கிறார். 8.8 சதவீத பியர் 500 மில்லிலீற்றர் கானில் ஏறத்தாழ 35 கிராம். "பியர்தானே" என்பவர்களுக்கு இந்த இலக்கத்தைக் காட்டுவேன், சிலர் நம்பமாட்டார்கள். கூட்டிப் பார்த்த பிறகு எழுதி எழுதியே குறைத்தவர்களும் உண்டு. அப்படிக் குறைந்தால் அது குளிசைக் கணக்கில் சேராது!

அவருக்குத் தெரியாமல் சோற்றிலோ தேத்தண்ணீரிலோ கலந்து கொடுக்கலாமா?

கூடாது. "தெரியாமல் கலந்து கொடுங்கள், பத்தே நாளில் குடியை வெறுப்பார்" என்ற விளம்பரங்கள் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். பொடிக்குள் என்ன இருக்கிறது என்று பொதியில் ஒழுங்காக எழுதியிருக்காது. மருந்துக் கலப்பு இருக்கக்கூடும் என்பதுதான் கவலை. குடியை விட டொக்டர்கள் எழுதித் தரும் டைசல்பிராம் போன்ற ஒன்றை எடுத்தவர் அது தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் கீழே விழும். இதயநோய் உள்ளவருக்கு உயிரே போகலாம். அந்த மருந்தை நிறுத்தி இரண்டு கிழமை வரைக்கும் இந்த ஆபத்து நீடிக்கும். டொக்டர் கொடுக்கும்போது நோயாளிக்கு எல்லாம் விளக்கி, இருமல் பாணியில்கூட மது இருக்கலாம் என்று எச்சரித்துத்தான் கொடுப்பார்.

உங்கள் வேதனை விளங்குகிறது அம்மா. அப்படியிருந்தும் இந்தக் கேள்விக்கு மட்டும் கவுண்டரில் நான் கொஞ்சம் கடுமையாகவே பதில் சொல்வதுண்டு.

நாளைக்கே குடியை நிப்பாட்டிவிட்டு விற்றமினைத் தொடங்கச் சொல்லவா?

எவ்வளவு குடிக்கிறார் என்பதைப் பொறுத்தது. தினமும் அதிகமாகக் குடித்துவந்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் சில மணித்தியாலங்களிலேயே நடுக்கம், வியர்வை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்கு இல்லாதது கண்ணில் தெரிவது, ஆளை அடையாளம் தெரியாமல் பிதற்றுவது வரை போகும். இது உயிராபத்து, எந்தச் சத்துக் குளிசையும் இதைத் தடுக்காது. மாலை போடுகிற அன்று காலையில் ஒரேயடியாக நிறுத்துபவர்களுக்கும் இது பொருந்தும். விரதம் நல்லது, ஆனால் தினமும் குடிப்பவர் அதற்குச் சில நாட்கள் முன்பே டொக்டரைப் பார்க்கட்டும். வலிப்போ குழப்பமோ வந்தால் 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரவழையுங்கள்.

சத்துக் குளிசைதானே, என்ன கெடுதல் வந்துவிடும்?

விற்றமின் ஏ அதிகமானால் ஈரலைத் தாக்கும், மது அதை இன்னும் மோசமாக்கும். பி6ஐ அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் நரம்பு பாதிக்கும். காவா என்ற மூலிகை, செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாறு ஆகியவற்றால் ஈரல் கெட்ட சம்பவங்கள் பதிவாகியுள்ளன. மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர் சத்துக் குளிசையாக விற்கும் 5-எச்டிபி என்பதை நெருங்கவே வேண்டாம். தேவையில்லாமல் இரும்புச்சத்து போடுவதும் வேண்டாம்.

ஆசையைக் குறைக்கும் உண்மையான மருந்து எது?

நல்ட்ரெக்சோன். 1992இல் வெளிவந்த சோதனைகளில், அதை எடுத்தவர்கள் மறுபடி கடுங்குடிக்குத் திரும்புவது குறைந்தது. 1994இல் அமெரிக்கா அதை இதற்காக அங்கீகரித்தது. குடிக்கும்போது கிடைக்கும் இன்ப உணர்வை அது மங்கச் செய்கிறது. ட்ரமடோல், கோடீன் மாதிரியான வலி மருந்து எடுப்பவருக்குக் கொடுக்கமுடியாது. இன்னொன்று அகம்ப்ரோசேற். நிறுத்தியவர் நிறுத்திய நிலையிலேயே இருக்க உதவுவது. அது வேதியியலில் டவுரின் என்ற பொருளுக்கு நெருங்கிய உறவு, அதற்காகச் சக்திப் பானத்தில் உள்ள டவுரின் அந்த வேலையைச் செய்யும் என்று எண்ணவேண்டாம். இரண்டும் எல்லோருக்கும் பலிப்பதில்லை. இரண்டுக்கும் மருந்துச்சீட்டு வேண்டும்.

கொழும்பில் யாராவது இப்படிப்பட்ட ஆய்வுக்குக் கூப்பிட்டால் போகலாமா?

போகலாம், மூன்று விஷயம் கேட்டுவிட்டு. நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா? இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிந்திருக்கிறார்களா? 2006இல் தொடங்கிய அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். மூன்றாவது, சம்மதப் படிவம் தமிழில் இருக்கிறதா? விளங்காத மொழியில் கையெழுத்துப் போடாதீர்கள். இடையில் விலகும் உரிமை உண்டு, விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது. பங்குபற்ற உங்களிடம் காசு கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

போத்தலில் பதிவு இலக்கம் இருந்தால் நம்பலாமா?

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான தேசிய மருந்து ஒழுங்குமுறை அதிகாரசபை, மருந்துக்கும் உணவுக்கும் நடுவில் நிற்கும் பொருட்களையும் கவனிக்கிறது. பதிவு இருப்பது இல்லாததைவிட நல்லது. ஆனால் பதிவு இருப்பதால் குடி ஆசை குறையும் என்று யாரும் உறுதி கொடுத்துவிடவில்லை.

சாப்பாட்டால் ஏதாவது செய்யலாமா?

கொஞ்சம். மத்தியானம் அரைகுறையாகச் சாப்பிட்டு, ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு கந்தோரிலிருந்து இறங்குபவருக்குப் பசியும் குடி ஆசையும் ஒன்றாகத்தான் வரும். நாலரைக்கு ஒரு கடலையோ, முட்டையோ, இரண்டு இடியப்பமோ உள்ளே போனால் சிலருக்கு அந்த முதல் உந்துதல் தணிகிறது. இது ஆய்வு முடிவு அல்ல, காசு செலவில்லாத யோசனை. பைட்ஸ் என்ற கொறிப்புகளோடு சேர்த்துக் குடிப்பதை இதில் சேர்க்காதீர்கள்.

எங்கே போவது? காசு நிறைய வேணுமா?

அரச ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குகளில் காசு எடுக்கமாட்டார்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலை, அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகம் இரண்டிலும் பார்க்கலாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் 1927, தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அழைத்தவுடனேயே தமிழில் கதைக்கவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சுமித்ரயோ என்ற தொண்டு நிறுவனம் குடி, போதைப் பிரச்சினைகளுக்காக நடத்தும் மெல் மெதுர என்ற நிலையம் கொழும்பில்தான் இருக்கிறது, குடும்பத்தவரும் அங்கே கதைக்கலாம்.

கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் சத்துக் குளிசைப் போத்தல், பொடி, கஷாயம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். லேபிள் இல்லாததையும் விடாதீர்கள்.